சின்ன மர வேலை நிறுவனத்துக்கு அங்கீகாரம் தேவையா? என் முடிவு

வணக்கம் மக்களே. இன்று மரம் ஏறவில்லை, செயின்சா சத்தமும் இருக்காது. ஒரு எரிச்சலைக் கொட்டியே ஆக வேண்டும்.

ஒரு பெரிய வளாகத்தில் 40 மரங்களுக்குக் கவாத்து செய்ய விலை கொடுத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க நடந்து, மரம் மரமாகப் பார்த்து எழுதியது. ‘அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. விபத்தே இல்லாமல் இத்தனை வருடம் வேலை செய்கிற மூன்று பேர் நாங்கள். வயிறு எரிந்தது.

சான்றிதழ் எல்லாம் வீண் செலவு என்று நான் பேசிய பழைய வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஐஎஸ்ஏ என்கிற சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கம் மர வேலை செய்கிறவர்களுக்குத் தரும் ‘சர்டிஃபைட் ஆர்பரிஸ்ட்’ சான்றிதழ் ஆளுக்குக் கிடைப்பது. அனுபவம் காட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அப்புறம் 3 வருடத்துக்கு ஒரு முறை, 30 புள்ளி அளவுக்குத் தொடர்ந்து படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டால் சான்றிதழும் அவரோடு கிளம்பிவிடும். பிரிட்டனின் ஆர்போரிகல்சுரல் அசோசியேஷன், அமெரிக்காவின் டிசிஐஏ என்ற மரப் பராமரிப்புத் தொழில் சங்கங்கள் தருகிற அங்கீகாரம் நிறுவனத்துக்கு உரியது. இன்சூரன்ஸ், பாதுகாப்பு ஆவணங்கள், வேலை நடக்கும் இடம் எல்லாம் பார்ப்பார்கள். என்னை வெளியே நிறுத்தியது இந்த இரண்டாவது வகை.

சரி, என்னதான் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று சாமான்களைத் தரையில் பரப்பினேன். ஏறும் சாமான் ஒவ்வொன்றுக்கும் தொடர் எண்ணும் கடைசியாகச் சோதித்த தேதியும் பதிவில் இருக்க வேண்டும். எல்லாம் மளமளவென்று முடிந்தது, கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான ஒரே ஒரு காரபினரைத் தவிர. கயிறு உரசி உரசி எண் தேய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன! கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்பதற்கு மட்டும் அரை மணி நேரம். 8. பழைய ரசீதில் சரிபார்த்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த டார்ச் வெளிச்சத்தில்தான் பக்கத்தில் கிடந்த இடுப்புக் கயிறு கண்ணில் பட்டது. ஒரு விரல் நீளத்துக்கு மேலுறை உருகி, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. மூன்று வாரமாக அதை நம்பித்தான் மேலே நின்றிருக்கிறேன். அங்கேயே வெட்டிப் போட்டேன். என் மனம் மாறியது அந்த இடத்தில்தான்.

வீட்டு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இதுவரை என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. விலையைக் கேட்பார்கள், என்றைக்கு வருவாய் என்பார்கள். அவர்களை மட்டும் நம்பித் தொழில் செய்தால் நிறுவன அங்கீகார லோகோவுக்காகக் காசு கட்டாதீர்கள். ஆனால் ஆளுக்கான பரீட்சையை எழுதுங்கள். ‘உச்சியை மொட்டை அடித்துவிடு’ என்பதுதான் எனக்கு அறவே பிடிக்காத வார்த்தை. வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும், புதுக் கொம்புகள் பிடிப்பில்லாமல் முளைக்கும். நான் மறுத்தால் ‘இவனுக்கு வேலை தெரியாது’ என்று அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். தகுதியைக் காட்டி மறுக்கும்போது நின்று கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

வெட்டு பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறாது, மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தடுக்கிறது என்று அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ 1977-லேயே விளக்கிவிட்டார். அந்தச் சுவருக்கு உதவும், கிளை அடியில் இருக்கும் வீங்கின வளையத்தை இன்றைக்கும் தண்டோடு வழித்து வெட்டுகிறார்கள். பார்த்தாலே கோபம் வருகிறது.

அடடா, ஒன்று விட்டுப்போயிற்று. ஆவணங்களோடு மீட்புப் பயிற்சியும் சேரும். மேலே ஒருவர் மயங்கினால் இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே தயாராக இருக்க வேண்டும். எங்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். மயங்குவது நானாக இருந்தால்? அதனால் இந்த ஞாயிறு மற்ற இருவருக்கும் பயிற்சி. அதை முடித்துவிட்டு என் பரீட்சைக்குப் பணம் கட்டுகிறேன். நிறுவன விண்ணப்பம் அதற்குப் பிறகு.