ஓர் இனிஷியலும் இரண்டு குடும்பப் பெயர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகரத்தின் ஃபிளஷிங் பகுதியை நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1977-ல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயிலின் கீழ்த்தளத்தில் தோசையும் கிடைக்கும். அங்கிருந்து மன்ஹாட்டன் போகிற ஏழாம் எண் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கொரோனா பிளாசா. நோய்க்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலைக்கு மேலே பாலத்தில் ரயில் தடதடவென்று போகும், கீழே தெரு முழுக்க ஸ்பானிஷ்தான் கேட்கும். மெக்சிகோவின் பியூப்லா மாநிலத்துக்காரர்கள், எக்வடார்க்காரர்கள், கொலம்பியர்கள் எல்லாம் அங்கே பல வருஷங்களாக இருக்கிறார்கள். 2022-க்குப் பிறகு வெனிசுவேலாவிலிருந்து ஏராளமானோர் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இவர்களுக்காக நடந்த மாலை நேர ஆங்கில வகுப்பில் பல வருஷம் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். சொல்லிக் கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பெண் வாயே திறக்க மாட்டார். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்து, பாடத்தையெல்லாம் ஸ்பானிஷில் மொழிபெயர்த்து அச்சடித்துக் கொடுத்தேன். அதையும் பணிவாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய தாய்மொழி மிஷ்டெக், மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷே அவருக்குச் சந்தைக்குப் போய்க் கற்றுக்கொண்ட மொழி, அதைப் படிக்கவும் வராது. குவாத்தமாலா என்ற சின்ன நாட்டில் மட்டும் 22 மாயா மொழிகள் இருக்கின்றன. அங்கிருந்து வருகிறவருக்கு நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்துவிட்டால், அவர் பாவம், எல்லாவற்றுக்கும் "சி, சி" (ஸ்பானிஷில் 'ஆமாம், ஆமாம்') என்று தலையாட்டிவிட்டு வருவார். கேட்டது என்ன என்பது அவருக்கே தெரியாது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நமக்கு இந்தி மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துத் தருவார்களே, அந்தக் கதைதான். எனக்கே அது நடந்திருக்கிறது. அப்படியும் நான் அதே தப்பைச் செய்தேன்.

அப்புறம், நோட்டாரியோ விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'நோட்டாரியோ' என்றால் பெரிய மனிதர். சட்டம் படித்து, அரசு நியமனம் பெற்றவர். சொத்து, உயில், கம்பெனி என்று எதுவானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. அமெரிக்காவிலோ 'நோட்டரி' என்பவர், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன் என்று முத்திரை குத்துகிற ஆள், அவ்வளவுதான். வக்கீலாக இருக்கத் தேவையில்லை. மளிகைக் கடைக்காரர்கூட நோட்டரியாக இருக்கலாம். நம் நாட்டிலும் நோட்டரி என்றால் பல வருஷம் தொழில் செய்த வக்கீல் என்பதால், நாமும் ஏமாறக்கூடிய இடம் இது. பலகையில் 'நோட்டாரியோ' என்று எழுதி வைத்தால் போதும், ஊரிலிருந்து வந்தவர்கள் வக்கீல் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவார்கள்.

என் வகுப்பில் ஒரு கொலம்பியர் இருந்தார். ஊரில் பஸ் ஓட்டியவர். பொகோட்டாப் பக்கம் பெற்ற பிள்ளையைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார்களாம், நம் கொங்கு நாட்டு மரியாதை போல. என்னிடமும் அப்படித்தான் பேசுவார். ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு ரசீதை நீட்டினார். அடைக்கலம் கேட்டு விண்ணப்பிக்க அப்படி ஒரு கடையில் பணம் கட்டியிருந்தார். நாட்டுக்குள் வந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். வக்கீல் அம்மா கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்தது அவர் கதையே இல்லை. வேறு யாருக்கோ எழுதிய பக்கங்களில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதுவும் இன்னும் அனுப்பப்படவில்லை. கெடுவுக்கு ஏழு வாரம் பாக்கி. நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து அவர் கதையை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினார் அந்த அம்மா. நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்த் தெருவில் நின்றுவிட்டு வந்தார் மனிதர்.

விண்ணப்பம் போட்டாலும் உடனே வேலை செய்ய முடியாது. வேலை அனுமதி கைக்கு வரக் குறைந்தது 180 நாள் ஆகும். அந்த ஆறு மாதம் எதைச் சாப்பிடுவது என்று சட்டத்தில் எழுதவில்லை. அதனால்தான் விடிகாலையில் தெருமுனையில் கூலி வேலைக்காக நிற்கிறார்கள். நகர நிர்வாகத்தினர் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023-ல் மன்ஹாட்டனின் ரூஸ்வெல்ட் ஹோட்டலையே வருகிறவர்களுக்கான வரவேற்பு மையமாக்கினார்கள். அந்த ஹோட்டல் அப்போது பாகிஸ்தான் அரசு விமான நிறுவனத்தின் சொத்தாக இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

நான் பார்த்தவரையில் கம்பளியும் பாத்திரமும் கொடுக்க ஆட்கள் நிறைய வருகிறார்கள். ஒரு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் துணைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இன்னொன்று, அம்மாவின் வயிற்றுவலியை டாக்டரிடம் மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகவே கூடாது. அந்த அம்மா பிள்ளை முன்னால் பாதியை மறைத்துவிடுவார்.

பள்ளியில் சேர்ப்பது ஒப்பீட்டில் சுலபம். 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குடியேற்றக் காகிதம் இல்லை என்பதற்காகக் குழந்தையை அரசுப் பள்ளியிலிருந்து ஒதுக்கக் கூடாது. இடிப்பது பெயரில்தான். அவர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு. பேச்சுக்கு, கார்லோஸ் லோபஸ் கார்சியா என்றால் லோபஸ் அப்பா வழி, கார்சியா அம்மா வழி. கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆக, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் முதல் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கும். பியூப்லாவிலிருந்து வந்த ஒரு அம்மாவுடன் பள்ளிக்குப் போனபோது எழுத்தர், "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நான் என் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இதில் குடும்பப் பெயர் என்று இருப்பது என் அப்பாவின் பெயர். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்பதே கிடையாது, இனிஷியல்தான். உங்கள் படிவத்துக்காக அவரைக் குடும்பமாக்கியிருக்கிறேன்" என்றேன். எழுத்தர் சிரித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழை ஒழுங்காகப் படித்தார்.

திரும்பி வரும்போது அந்த அம்மா ரயிலில் கேட்டார்: "நிஜமாகவே உங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையா?"

இல்லை என்றேன்.

"எனக்கு இரண்டு இருக்கிறது. வேண்டுமானால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.