செத்தவீட்டுக் காசு

வணக்கம் நேயர்களே.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் மண்டபத்தின் நடைவழியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு நான் இருப்பேன். உள்ளே பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியே நான் எங்கள் சனத்துக்கு பிரித்தானிய அரசு தரும் உதவிப் பணங்களுக்கு, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட், வேலை செய்யும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட், வாடகை உதவி என்று படிவம் நிரப்பிக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது. சில நாட்களில் வடை கிடைக்கும்.

எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி வரும். உங்களிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது? அந்த இடத்துக்கு வந்ததும் எதிரில் இருப்பவர் மேலே கூரையைப் பார்ப்பார். பிறகு, "ஒண்டுமில்லை எண்டு போடுங்கோ" என்பார். அந்த "போடுங்கோ"வைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லாதவர் "ஒண்டுமில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்.

இன்று அடுத்தவர் வீட்டுக் கதை சொல்ல நான் வரவில்லை. என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவர் இப்போது இல்லை. சொல்லலாம் என்று அவருடைய மகளும் சம்மதித்தாள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் சனத்துக்குள் பெரியம்மாவும் இருந்தார். பாவாடை விளிம்புக்குள் தாலிக்கொடியையும் நாலு காப்பையும் வைத்துத் தைத்திருந்தார். வீடு போனது, கடை போனது, வங்கிப் புத்தகத்தில் இருந்த காசு அப்போதைக்கு வெறும் தாளானது. விளிம்புக்குள் இருந்தது மட்டும் கூடவே வந்தது. ஐந்து வருடம் கழித்து லண்டன் வந்தபோதும் அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. தன்னிடம் இருப்பதை எந்தக் கந்தோருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.

இங்கே சில வருடம் பொதி கட்டும் வேலை செய்தார். காப்புறுதிப் பங்களிப்பு செய்த வருடங்கள் குறைவு, அதனால் அரச ஓய்வூதியமும் சொற்பம்தான். மிச்சத்தை பென்ஷன் கிரெடிட் நிரப்பியது. வாடகை உதவியும் கிடைத்தது. இவ்வளவும் நேர்மையாகக் கிடைக்கவேண்டியதுதான். ஆனால் சீட்டுப் பிடித்து, மிச்சம் பிடித்து, 2015 அளவில் 19,000 பவுண் சேர்த்துவிட்டார். அதைத் தன் பெயரில் வைக்காமல், மகள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்லி அதில் போட்டார்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "தம்பி, அது என்ரை செத்தவீட்டுக் காசு. பிள்ளையளிட்டைக் கை நீட்டாமல் போகவேணும்" என்றார். அதற்குப் பிறகு என்ன கேட்பது? செத்தவீட்டுக் காசு என்று ஒரு கிழவி சொன்னால் எங்கள் வாய் அடைத்துப்போய்விடும்.

2018இல் மகளுடைய கணவன் பிரிந்து போனான். இரண்டு பிள்ளைகள், பகுதிநேர வேலை. யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டாள். சேமிப்புக் கேள்வி வந்த இடத்தில், மனமறிய, இல்லை என்று போட்டாள். அவளைப் பொறுத்தவரை அது அம்மாவின் காசு. தன்னுடையது அல்ல.

அடுத்த வருடம் கடிதம் வந்தது. பெரியம்மாவுக்கு வரவில்லை, மகளுக்கு வந்தது. உங்கள் பெயரில் 19,000 பவுண் இருக்கிறது, விளக்கம் தேவை என்று.

குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. யாரோ அரசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று முதலில் மச்சாள் வீட்டைச் சந்தேகித்தார்கள். பிறகு, சீட்டில் மனஸ்தாபப்பட்ட ஒரு மாமியைச் சந்தேகித்தார்கள். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு இரண்டு வீட்டார் ஒருவரையொருவர் பார்க்காமலே வந்து சாப்பிட்டுப் போனார்கள். யாரும் எழுதிப் போடவில்லை. காட்டிக்கொடுத்தது வட்டி. யாருக்கு எவ்வளவு வட்டி கொடுத்தோம் என்று வங்கிகள் ஒவ்வொரு வருடமும் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும். அந்த விவரத்தை உதவிப் பணம் வாங்குவோர் பட்டியலோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். வருடத்துக்கு 200 பவுண் கூட வராத வட்டி அது. அதற்காக ஒரு வருடம் சொந்தங்கள் முகம் பார்க்கவில்லை.

இப்போது மகளின் நிலையைப் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண் வரை சேமிப்பு இருந்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4 பவுண் 35 பென்ஸ் வெட்டுவார்கள். 16,000ஐத் தாண்டினால் ஒரு சதமும் இல்லை. அவள் பெயரிலோ 19,000. "என் காசு" என்றால், எடுத்த உதவி முழுவதையும், வாடகை உட்பட, திருப்பிக் கட்டவேண்டும். "அம்மாவின் காசு" என்றால் அம்மா மாட்டுவார். ஒரு இரவு முழுக்க என் வீட்டுக் குசினியில் இருந்து அழுதாள்.

நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை நேயர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். பென்ஷன் கிரெடிட்டின் விதி வேறு. அங்கே முதல் 10,000 பவுணைப் பார்க்கவே மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் என்று எடுப்பார்கள். மேலெல்லை என்று ஒன்று இல்லை. அப்படியென்றால் 19,000க்கு வாரம் 18 பவுண். 2019இல் தனி ஆளுக்கு உத்தரவாதத் தொகை, அதாவது வருமானம் இதற்குக் கீழே போகாமல் அரசு நிரப்பும் எல்லை, வாரம் 167 பவுண் 25 பென்ஸ். பெரியம்மாவின் ஓய்வூதியம் 70 பவுண் அளவில் இருந்தது. ஏறத்தாழ 97 பவுண் அரசு நிரப்பியது. உண்மையைச் சொல்லியிருந்தால் 79 பவுண் நிரப்பியிருக்கும். உத்தரவாதத் தொகையில் ஏதாவது கிடைக்கும் வரைக்கும் வாடகை உதவிக்கும் இடைஞ்சல் இல்லை.

வாரம் 18 பவுண். அவ்வளவுதான். அந்த 18 பவுணைக் காப்பாற்றத்தான் மகளின் வீட்டு வாடகையைப் பணயம் வைத்திருந்தோம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெளிவாகப் படித்தேன். பென்ஷன் கிரெடிட் விதிகளில், முன்கூட்டியே பணம் கட்டும் ஈமச்சடங்குத் திட்டம் சேமிப்பாகக் கணக்கில் வராது. பெரியம்மாவின் ஆசைக்குச் சட்டத்திலேயே ஒரு கதவு இருந்தது. நாங்கள் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அந்த மேசையில் அத்தனை வருடம் இருந்த நானும்தான்.

மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் மற்றச் சந்தேகங்களையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். உடுத்துப் போடும் நகை கணக்கில் வராது. ஆனால் சேமிப்பைக் குறைத்துக் காட்டவென்றே நகை வாங்கினால் வரும். உதவிப் பணம் எடுப்பதற்காகப் பேரப்பிள்ளைக்குக் காசைத் தூக்கிக் கொடுத்தால், அது இன்னமும் உங்களிடமே இருக்கிறது என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். சீட்டு எடுத்த காசு வங்கியில் கிடந்தால் அது உங்கள் காசு. "இனிக் கட்டவேண்டிய மிச்சம் இருக்கே" என்று சொல்லிப் பயனில்லை, சாதாரணக் கடனைச் சேமிப்பிலிருந்து கழிக்கமாட்டார்கள்.

ஊர்க் காணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது, ஆனால் ஊரில் இருக்கும் வீடும் காணியும் வரும். அங்கே விற்றால் என்ன விலை போகுமோ அதுதான் மதிப்பு, அதில் விற்பனைச் செலவுக்குப் பத்து வீதம் கழிப்பார்கள். அந்த நாட்டிலிருந்து காசை வெளியே கொண்டுவரத் தடை இருந்தால் மதிப்பிடும் முறையும் மாறும். ஓய்வூதிய வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் ஒருவர், அம்மாவோ அக்காவோ, அந்த வீட்டில் குடியிருந்தால் அதைச் சேர்க்கமாட்டார்கள். வலிகாமம் வடக்கில் சீதன உறுதியில் நாலில் ஒரு பங்கு காணி வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். காணி பல வருடம் இராணுவத்தின் கையில் இருந்தது. உறுதியைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. அதையும் எழுதினோம், இராணுவம் பிடித்த கதையோடு சேர்த்தே எழுதினோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால் பங்குக் காணியை யார் வாங்குவான்? பெரிய மதிப்பு ஒன்றும் வரவில்லை. மறைத்திருந்தால்தான் அது பெரிய விஷயமாகியிருக்கும்.

இந்த எல்லைகளைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. 6,000, 16,000 என்ற இரண்டும் 2006க்குப் பிறகு அசையவே இல்லை. அன்று ஒரு பாண் என்ன விலை, இன்று என்ன விலை? அந்தச் சண்டையை உங்கள் பாராளுமன்ற உறுப்பினரோடு பிடியுங்கள். படிவத்தில் பிடிக்காதீர்கள். 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, உதவிப் பணம் போகும் கணக்குகளில் எல்லையைத் தாண்டியவை எவை என்று வங்கிகளே தேடிச் சொல்லவேண்டிவரும். பிடிபட்டால் திருப்பிக் கட்டுவதோடு முடியாது. வழக்குக்குப் போகாமல் தீர்ப்பதற்கே மேலதிகமாகப் பாதித் தொகை தண்டம், குறைந்தது 350 பவுண், கூடியது 5,000. எச்சரிக்கையுடனான விசாரணைக்கு, அதாவது நீங்கள் சொல்வது வழக்கில் சாட்சியாகலாம் என்று எச்சரித்துக் கேட்கும் விசாரணைக்கு, வரச்சொல்லிக் கடிதம் வந்தால், தயவுசெய்து என்னைப் போன்ற மேசைக்காரரை நம்பிப் போகாதீர்கள். சட்டத்தரணியைப் பாருங்கள்.

சரி, எங்கள் கதை. பெரியம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, ரிவியை நிறுத்திவிட்டு, சொன்னேன். கன நேரம் பேசவில்லை. பிறகு, "அவளின்ரை பிள்ளையளுக்கு வீடில்லாமல் போகுமோ?" என்று கேட்டார். போகலாம் என்றேன். எழும்பிப்போய் அலமாரியிலிருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். எந்தச் சீட்டு எந்த மாதம் எடுத்தது, எவ்வளவு போட்டது, எல்லாம் பென்சிலில், திகதியோடு. எந்தக் கந்தோருக்கும் கணக்குச் சொல்லாத மனுசி தனக்குத் தானே சதம் பிசகாமல் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பிதான் மகளைக் காப்பாற்றியது. மொழிபெயர்த்து இணைத்து, தீர்மானத்தை மீளப் பார்க்கச் சொல்லி எழுதினோம். மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில், காசு அம்மாவுடையது என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்கு நாலு வருடத்துக்கு வாரம் 18 பவுண்படி 3,744 பவுண் கடன் விழுந்தது. ஒரேயடியாகக் கட்டிவிடுங்கோ, கையில்தானே இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. செத்தவீட்டுக் காசைத் தொடமாட்டேன், கிழமைக் காசில் வெட்டட்டும் என்றார். வெட்டினார்கள். பிடிவாதம், வேறென்ன.

2021இல் காலமானார். இங்கிலாந்துச் சட்டப்படி இறந்தவர் விட்டுப்போன பணத்தில் ஈமச்செலவுக்குத்தான் முன்னுரிமை. அது போய், அரசுக்கு மிச்சம் இருந்த கடனும் போய், மகளின் கைக்கு 12,000 பவுண் அளவில் வந்தது. அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அண்ணை, இப்ப இது என்ரை காசுதானே? இதை ஜேர்னலிலை எழுதவேணுமே?"

யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் மாற்றங்களை எழுதி அறிவிக்கும் இணையப் பக்கம்தான் ஜேர்னல். ஓம் என்றேன். கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். 6,000க்கு மேல் 6,000, மாதம் 104 பவுண் 40 பென்ஸ் குறையும் என்று நான் கணக்குச் சொல்ல, அவள் தட்டெழுதினாள். இணைக்கவேண்டிய வங்கித் தாளைப் பெரியம்மாவின் கொப்பிக்குள்தான் வைத்திருந்தாள்.

நன்றி. வணக்கம்.