வேலியைத் தாண்டிய பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். நம் பிள்ளைகள் படிக்கிற நாவல்களைப் பற்றியும், அவற்றில் வரும் துணிச்சலான பெண்களைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம்.

போன டிசம்பர் விடுமுறையில் என் பேத்தி 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை என் கையில் திணித்தாள். "ஆயா, இதைப் படிச்சே ஆகணும்" என்றாள். சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வந்தது. அந்தக் கதையில் வரும் நாட்டில் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யாரும் இஷ்டப்படி போக முடியாது. ஊரைச் சுற்றி மின்கம்பி வேலி. பதினாறு வயது காட்னிஸ் அந்த வேலிக்கு அடியில் புகுந்து, காட்டில் வேட்டையாடித்தான் அம்மாவையும் தங்கையையும் காப்பாற்றுகிறாள். பிடிபட்டால் உயிர் தப்பாது.

கொடுமையான ஆட்சியில் சிக்கிய சமூகத்தைக் காட்டும் இந்த மாதிரிக் கதைகளை டிஸ்டோபியா என்கிறார்கள். பேத்திக்கு அது வருங்காலக் கற்பனை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அப்பா டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கவே கூடாது என்று 1891-இல் போட்ட தடை 1980-களில்தான் நீங்கியது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் வருஷத்து குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டித்தான் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அம்மா கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இதைச் சொன்னதும் பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ வேலிக்கு அடியில யார் போனாங்க?" என்று கேட்டாள்.

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிச் சொன்னேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். இங்கே இந்தியருக்கு எதிரான சட்டங்களை எதிர்த்துக் காந்தி நடத்திய 1913 சத்தியாகிரகத்தில் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைத்தார்கள். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனாள். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று தான் கேட்டதையும், மறுபடி கைது செய்தாலும் போவேன் என்று அவள் சொன்னதையும் காந்தி எழுதிவைத்திருக்கிறார்.

காட்னிஸுக்கும் பதினாறு, வள்ளியம்மைக்கும் பதினாறு. ஆனால் காட்னிஸ் பயப்படுவது நமக்குத் தெரிகிறது. கோபப்படுகிறாள், பசியில் துடிக்கிறாள். வள்ளியம்மையை நாம் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்துவிட்டோம். அவளுக்கும் பயம் இருந்திருக்கும். அம்மாவோடு சண்டை போட்டிருப்பாள். கையில் வாள் கொடுத்தால் பெண் வீராங்கனையாகிவிடுவாள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களை நான் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்ததில்லை. பயந்துகொண்டே வாசலைத் தாண்டுகிற பெண்தான் எனக்கு வேண்டும்.

நலேடி அப்படிப்பட்டவள். பெவர்லி நைடூ எழுதிய 'ஜர்னி டு ஜோபர்க்' நாவலில் வருகிறாள். வயது பதின்மூன்று. கைக்குழந்தையான தங்கைக்கு உடம்பு மோசமாகிறது. அம்மாவோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஜோகன்னஸ்பர்க்கில், வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள். ஒன்பது வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு நலேடி நடக்கத் தொடங்குகிறாள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அந்தச் சின்னப் புத்தகம் 1985-இல் வந்தது. 1991 வரை இந்த நாட்டில் அதற்குத் தடை. ஒரு பிள்ளை அம்மாவைத் தேடிப் போகிற கதை! எதைக் கண்டு அப்படிப் பயந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நெடி ஓகோராஃபோர் எழுதிய 'பிண்டி' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது விண்வெளிக் கற்பனை. நம் பக்கத்து நாடான நமீபியாவின் ஹிம்பா இனத்துப் பெண், வீட்டாருக்குத் தெரியாமல் வேற்றுக் கிரகத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கிளம்புகிறாள். உடம்பில் பூசும் செம்மண் பூச்சை ஒரு ஜாடியில் எடுத்துப் போகிறாள். வழியில் மற்றவர்கள் அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். கடைசியில் அதுவே மருந்தாகிறது. படித்தபோது அம்மாவின் மடியில் இருந்த கறிவேப்பிலைக் கன்றுதான் கண்முன் நின்றது.

இப்போது பேத்தி தானே ஒரு கதை எழுதுகிறாள். 1913 நவம்பர் 6 அன்று காந்தியோடு, அனுமதியில்லாமல் தாண்டக்கூடாத டிரான்ஸ்வால் மாகாண எல்லை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அந்த 57 பேரில் ஒருத்திதான் அவள் கதாநாயகி. பெயர் இன்னும் வைக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள், ஆயா, அக்கா, கூழ் எல்லாம் தமிழாகவே வருகின்றன. வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். நாளைக்கு ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை என்று சொன்னேன். பென்சிலை எடுத்துக்கொண்டே, "சர்க்கரையை ரொட்டி மேல தூவிச் சாப்பிட்டிருப்பாளா ஆயா, இல்ல தம்பிக்குன்னு முடிஞ்சு வெச்சிருப்பாளா?" என்றாள்.