முதலில் முள்ளைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் வீடு வீடாகப் போய் பாய்லர் பழுது பார்ப்பது என் வேலை. பனி கொட்டிய மறுநாள் காலையில் என் போன் ஓயாது. "தம்பி, வீடு குளிர்ந்து கிடக்கு, உடனே வாங்க" என்பார்கள். நான் கிளம்பும் முன் ஒன்று கேட்பேன்: "பாய்லரில் இருக்கிற பிரஷர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது?"

ஹீட்டிங் ஆறியிருக்கும்போது அந்த முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நடுவில் நிற்க வேண்டும். மிகவும் இறங்கிவிட்டால் பாய்லர் தானாகவே நின்றுவிடும். வீட்டுச் சூட்டையும் குழாய் வெந்நீரையும் சேர்த்தே தரும் காம்பி பாய்லர்களில் பெரும்பாலானவற்றின் அடியில் தண்ணீர் நிரப்பும் ஹோஸ் இருக்கும். பாய்லரை அணைத்துவிட்டு, அதன் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் சரியான இடத்துக்கு வந்ததும் இறுக மூடுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை என்றால் கவலையில்லை.

வாரா வாரம் நிரப்ப வேண்டியிருந்தால்தான் கோளாறு. ஓர் அம்மா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் சாமி விளக்கு ஏற்றுவதுபோல, தினமும் பாய்லருக்குத் தண்ணீர் விட்டுவந்தார். சூடேறும்போது முள் 3 வரை போகும், வெளிச்சுவரில் இருக்கும் செப்புக் குழாயில் தண்ணீர் சொட்டும், ஆறியதும் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியில் காற்று இறங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே கூப்பிட்டிருந்தால் காற்றடித்துச் சரிசெய்திருக்கலாம். புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் உள்ளே போகும், இரும்பு அரிக்கும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைக் கழற்றியபோது மை மாதிரி கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

ரேடியேட்டரைக் கையால் தொட்டே பாதி கண்டுபிடிக்கலாம். மேல்பக்கம் மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேலோரத்தில் இருக்கும் காற்றுத் திருகை அதற்கான சிறு சாவியால் லேசாகத் திருகி, உஸ்ஸென்ற சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள். அப்புறம் முள்ளையும் ஒரு தடவை பாருங்கள், இறங்கியிருக்கும். கீழ்ப்பக்கம் குளிர்ந்தால் நான் சொன்ன அந்தக் கறுப்புச் சேறு. அதை ஆள் வைத்துத்தான் கழுவ வேண்டும். ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லையா? அதன் வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி சிக்கியிருக்கலாம்.

உறைபனி இரவுக்குப் பிறகு பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயைப் பாருங்கள். பாய்லரில் சேரும் நீர் வடியும் குழாய் அது. வளைவிலும் முனையிலும் உறைந்துவிடும். வெந்நீர் ஊற்றினால் இளகும். கொதிக்கும் நீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். பிறகு ரீசெட் பட்டனை அழுத்துங்கள்.

பாய்லரின் மூடியை மட்டும் யாரும் கழற்றாதீர்கள். கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், அதுதான் சட்டம். அவருடைய அட்டையின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். வீட்டுக்குள் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு வாசனையே கிடையாது, அலாரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999 எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இந்த எண்ணை இப்போதே எழுதி பாய்லர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.