பீரியடக் குடுங்க, போன் எங்ககிட்டயே இருக்கு

உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டத்துல பேசினது. கேட்டவங்க சில பேரு எழுத்துல வேணும்னாங்க, ரெக்கார்ட் கேட்டு பேசின மாதிரியே போட்டிருக்கேன், திருத்தல.

மேடையில வீற்றிருக்கிற தலைவர் ஐயா அவர்களே, மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் ஐயா அவர்களே, ஞாயித்துக்கெழமன்னு கூட பாக்காம ஹாலயும் மைதானத்தயும் தெறந்து விட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, பொன்னாடை போத்தின பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் அவர்களே (அண்ணே, போன வருஷமும் இதே கலர்தான் போத்துனீங்க, வீட்டுல ஜோடி சேந்துருச்சு), முன்வரிசையில இருக்கிற சீனியர் மாஸ்டர்களே, அதுல ரெண்டு பேரு எனக்கே விசில் ஊதக் கத்துக்குடுத்தவங்க, அப்புறம் மைக் செட் தம்பி, யாரு பேராச்சும் விட்டிருந்தா மன்னிச்சுக்குங்க, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் குடுத்த தலைப்பு "இயக்கத் திறன் பயிற்சியில் காணொளிப் பின்னூட்டம்". பேருதாங்க பெருசு. புள்ள தாண்டுறத போன்ல எடுத்து அதுக்கே காட்டுறது, அவ்வளவுதான் விஷயம். எங்க ஆத்தா சொல்லும், தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு. அந்த முதுகக் காட்டுற வேல இது. மூணு பாயிண்ட் வெச்சிருக்கேன். ஒண்ணு எப்படிக் காட்டணும், ரெண்டு எப்பக் காட்டக் கூடாது, மூணு எடுத்த வீடியோவ அப்புறம் என்ன பண்றது.

மொதல்ல குதிரக் கதை. குதிர நாலு கால் பாய்ச்சல்ல ஓடுறத மனுசன் எத்தன ஆயிரம் வருஷமாப் பாத்துட்டு இருக்கான், ஆனா ஓவியம் வரைஞ்சவங்கல்லாம் முன்னங்கால முன்னாடி நீட்டி பின்னங்காலப் பின்னாடி நீட்டி அந்தரத்துல பறக்குற மாதிரியே வரைஞ்சு வெச்சாங்க. 1878-ல கலிஃபோர்னியாவுல மைப்ரிட்ஜ்னு ஒருத்தரு வரிசையா 12 கேமராவ வெச்சு எடுத்துப் பாத்தா, நாலு காலும் தரையில இல்லாத நேரம் இருக்குறது உண்மைதான், ஆனா அப்பக் காலெல்லாம் வயித்துக்கு அடியில சுருங்கிக் கெடக்கு. கண்ணு அந்த லட்சணம். நாம மைதானத்து ஓரமா நின்னு "முட்டிய மடக்குடா, கைய நீட்டுடா"ன்னு கத்துறோமே, அதுல எத்தன நெசமாவே பாத்துச் சொன்னது, எத்தன குத்துமதிப்பு?

சரி, நம்மூருக்கு வருவோம். எங்க ஸ்கூல்ல எட்டாவது படிச்ச ஒரு பொண்ணு, நீளம் தாண்டுற புள்ள. ஓட்டம் காத்து மாதிரி. ஆனா மிதிச்சு எம்புற பலகைக்குப் பக்கத்துல வந்ததும் தத்தக்கா பித்தக்கான்னு நாலு குட்டி ஸ்டெப்பு வெச்சு, பலகையத் தாண்டி மிதிச்சு, ஃபவுல். செவப்புக் கொடி தூக்கித் தூக்கி எனக்குக் கையே வலிக்கும். "பலகையப் பாக்காதம்மா, நேராப் பாரு"ன்னு நானும் சொல்லாத நாளில்ல, அது "நான் பாக்கவே இல்லீங்க சார்"னு கண்ணுல தண்ணியோட சொல்லுது. பொய் சொல்லலங்க. தன் முதுகு தனக்குத் தெரியாதுல்ல?

சரி எடுத்துருவோம்னு ஒரு நாள் செங்கல் மேல செங்கல் அடுக்கி, டிபன் பாக்ஸ முட்டுக் குடுத்து, என்னோட போன நிக்க வெச்சேன். மொத தடவ புள்ள ஓடி வருது, பாதியில வீட்டம்மா போன், வர்றப்ப கறிவேப்பில வாங்கியாங்கன்னு. (சிரிப்பு) ரெக்கார்டிங் போச்சு. ரெண்டாவது தடவ நல்லா ஓடி வந்துச்சு, குறுக்கால ஆடு. எங்க ஸ்கூலுக்கு மூணு பக்கந்தான் காம்பவுண்டு, நாலாவது பக்கத்துக்கு மனு குடுத்துட்டே இருக்கோம், அது தனிக் கதை. மூணாவது தடவ எல்லாம் சரியா அமைஞ்சுது, தாண்டுச்சு, ஃபவுல்தான். வா வா வந்து பாருன்னு கூப்டேன், மொத்தக் கிளாஸும் போன் மேல விழுது. அந்தப் பொண்ணு முழுசாப் பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "அய்யோ சார், ரிப்பன் அவுந்து தொங்குது!" (சிரிப்பு)

அவ்வளவுதான் அது பாத்தது! ரெண்டாவது தடவ போட்டேன், "நான் இவ்வளவு ஒல்லியா சார்?" மூணாவது தடவதான் எனக்கே புத்தி வந்துச்சு. ஸ்லோ மோஷன்ல வெச்சு, கடைசி நாலு ஸ்டெப்ப மட்டும் ஓட்டி, ஸ்கிரீன உள்ளங்கையால மறச்சு தலை மட்டும் தெரியற மாதிரி புடிச்சுக்கிட்டு, "தாடையப் பாரு, வேற எதையும் பாக்காத"ன்னேன். தாடை கீழ எறங்குது, பலகையத்தான் பாக்குது. அப்படியே நிக்குது புள்ள. ஒண்ணுமே பேசல. நேரா ஓட்டம் ஆரம்பிக்கிற எடத்துக்குப் போய் நின்னுச்சு. அன்னிக்கு அடுத்த ஆறு தாண்டல்ல நாலுல ஃபவுலே இல்ல.

இத நான் சொன்னா மாஸ்டர் கதை விடுறாருன்னு சொல்லுவீங்க. 1976-லயே ராத்ஸ்டீன், அர்னால்டுன்னு ரெண்டு பேரு, அதுவரைக்கும் வந்திருந்த அம்பதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிய ஒண்ணாச் சேத்து அலசிட்டு இதத்தான் எழுதுனாங்க. புதுசாக் கத்துக்கிற புள்ளைக்கு வீடியோவ மட்டும் போட்டுக் காட்டினாப் போதாது, எதப் பாக்கணும்னு கூட நின்னு ஒருத்தர் சொல்லணும். இல்லேன்னா ரிப்பன்தான் தெரியும்.

எப்படி எடுக்கணும்? பக்கவாட்டுல வெக்கணும், புள்ளயோட இடுப்பு உயரத்துக்கு, போன் ஆடக் கூடாது. சாதா வீடியோ செகண்டுக்கு 30 படம். செகண்டுக்கு 6 மீட்டர் ஓடுற புள்ளன்னா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல உடம்பு 20 சென்டிமீட்டர் போயிடுது, பலகையோட அகலமே 20 சென்டிமீட்டர்தானுங்களே! ஸ்லோ மோஷன்ல செகண்டுக்கு 240 படம்னு எடுத்தா ரெண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு படம். இப்ப நெறைய போன்ல அது இருக்கு, யாரும் தொட்டுப் பாக்குறதில்ல.

ரெண்டாவது பாயிண்ட், எப்பக் காட்டக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு ருசி கண்டு போச்சு. ஒவ்வொரு தாண்டலுக்கும் மணலத் தட்டிக்கிட்டு நேரா போன்கிட்ட ஓடியாருது. நானும் பெருமையாக் காட்டிட்டே இருந்தேன். போட்டி அன்னிக்கு போன் கெடையாதே, தாண்டிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்குது, தான் என்ன பண்ணோம்னு அதுக்கே தெரியல. தப்பு என்னோடது. சால்மோனி, ஷ்மிட், வால்டர்னு மூணு பேரு 1984-ல இத எழுதியிருக்காங்க, ஒவ்வொரு தடவயும் சொல்லிக் குடுத்துட்டே இருந்தா பழகுறப்ப நல்லாத்தான் வரும், சொல்றத நிறுத்தினதும் விழுந்துரும், ஏன்னா புள்ள தன் உடம்பக் கவனிக்கிறத விட்டுட்டு நம்மளக் கவனிக்க ஆரம்பிச்சிரும். 1997-ல இன்னொரு ஆராய்ச்சி, பழக்கமில்லாத கையால பந்து எறியக் கத்துக் குடுத்தாங்க. நீயா கேட்டா வீடியோ காட்டுறேன்னு ஒரு குரூப்புக்குச் சொன்னாங்க, இன்னொரு குரூப்புக்கு அதே அளவு வீடியோ, ஆனா கேக்காமயே காட்டுனாங்க. பின்னாடி சோதிச்சுப் பாத்தா கேட்டு வாங்கின குரூப்புதான் நல்லா எறிஞ்சுது. அதனால நான் இப்ப கேட்டாத்தான் காட்டுறது, அதுக்கு முன்னாடி "நீ என்ன பண்ணேன்னு நெனக்கிற, சொல்லு"ன்னு ஒரு கேள்வி.

இங்கதான் நான் உங்ககிட்ட வந்ததே. இவ்வளவும் பண்ண நேரம் வேணும்ல? கணக்குப் போடுங்க. 40 புள்ளைக, ஓடித் தாண்டி, வந்து பாத்து, ஒரு வார்த்த பேசி, ஆளுக்கு ஒரு நிமிஷம்னாலும் 40 நிமிஷம். பீரியட் முடிஞ்சுது. ஒரு புள்ளைக்கு ஒரே ஒரு தாண்டல்! வாரத்துக்கு எனக்குக் குடுத்திருக்கறது ரெண்டு பீரியட், அதுல ஒண்ண கணக்கு சார் "போர்ஷன் முடியல மாஸ்டர்"னு கடன் கேப்பாரு, பொங்கல் முடிஞ்சா ரெண்டும் போயிரும். கடன் வாங்கின பி.டி. பீரியட யாராச்சும் திருப்பிக் குடுத்ததா சரித்திரம் உண்டுங்களா? (கைதட்டல்) நாங்க என்னிக்காவது கணக்கு பீரியடக் கடன் கேட்டிருக்கோமா?

நம்ம சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016-ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்குனாரே, அவர உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டது அவரு ஸ்கூல்ல இருந்த பி.டி. மாஸ்டர்தான். அந்த மாஸ்டரோட பீரியடையும் எவராச்சும் கடன் வாங்கிட்டுப் போயிருந்தா? கென்யாக்காரரு ஜூலியஸ் யெகோ யூட்யூப்ல பாத்து ஈட்டி எறியக் கத்துக்கிட்டு 2015-ல 92.72 மீட்டர் எறிஞ்சு உலக சாம்பியன் ஆனாருல்லன்னு சில பேரு கேப்பீங்க. ஆமா, ஆனாரு, அவரு மத்தவங்கள வீடியோவுல பாத்தாரு, ஆனா எறிஞ்சு பழகினது தெனமும் மைதானத்துலங்க. தன் முதுகு தனக்குத் தெரியாது சரி, அந்த முதுகத் திருப்பிக் காட்ட ஒரு எடமும் நேரமும் வேணாமா? ஆய்வாளர் ஐயா, மரியாதையோட கேக்கறேன், ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் ஒண்ணும் வேணாம், போன் எங்க பாக்கெட்லயே இருக்கு. பி.டி. பீரியட மாத்தக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்க விடுங்க. தலைமையாசிரியை அம்மா சிரிக்கிறாங்க, அம்மா உங்க ஸ்கூலச் சொல்லல.

சீட்டு வந்துருச்சு, நேரம் ஆச்சாம். மூணாவது பாயிண்டு, எடுத்த வீடியோவ என்ன பண்றதுங்கிறது, அது முக்கியம், பெத்தவங்க அனுமதி இல்லாம எடுக்காதீங்க, ஸ்டேட்டஸ்ல போட்டுறாதீங்க, மிச்சத்த டீ குடிக்கிறப்ப பேசிக்கலாம். கடைசி வரிசையில ஒரு தம்பி மொதல்ல இருந்து என்னப் படம் புடிச்சுட்டே இருக்காரு, கவனிச்சேன். இப்பவே அனுப்பிடாதீங்க தம்பி, நானா கேக்கறேன், அப்ப அனுப்புங்க. வணக்கம்.