85ஆம் நெடுஞ்சாலை: பாக்கன் எண்ணெய் மாற்றிய புல்வெளியும் பேட்லேண்ட்ஸும்

[காட்சி: வானிலிருந்து புல்வெளி, அதன் நடுவே ஒரு நெடுஞ்சாலை]

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், பெல்ஃபீல்ட் என்னும் சிற்றூரிலிருந்து வாட்ஃபர்ட் சிட்டி வழியாக வில்லிஸ்டன் நகருக்குச் செல்கிறது 85ஆம் எண் நெடுஞ்சாலை. இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான இந்தத் தொலைவுக்குள் கோதுமை வயல்களையும், மேய்ச்சல் புல்வெளியையும், ஆறு அரித்துச் செதுக்கிய பேட்லேண்ட்ஸ் பள்ளத்தாக்குகளையும், இவை அனைத்தின் மீதும் பரவிவிட்ட எண்ணெய்க் கிணறுகளையும் பயணி காண்கிறார்.

முதலில் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். லிட்டில் மிசூரி ஆறு ஒரு காலத்தில் வடக்கே ஹட்சன் விரிகுடாவை நோக்கி ஓடியது. பனியுகத்தில் வந்த பனிப்படலம் வழியை மறித்து அதைக் கிழக்கே திருப்பியபோது, புதிய பாதையின் சரிவு கூடியதால் ஆறு வேகமெடுத்து மென்மையான படிவங்களை வெட்டிக்கொண்டே இறங்கியது. எரிமலைச் சாம்பல் மாறி உருவான நீலச் சாம்பல் நிறப் பென்டனைட் களிமண்ணும், கறுப்புக் கோடுகளாகத் தெரியும் பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான் வெளிப்பட்டன. மின்னலோ காட்டுத்தீயோ பட்டு நிலக்கரிப் படிவம் எரிந்த இடங்களில், மேலிருந்த களிமண் செங்கல்லைப் போல வெந்து சிவந்தது. உள்ளூர்க்காரர்கள் ஸ்கோரியா என்றழைக்கும் அந்தச் செந்நிறக் கல்லை உடைத்துத்தான் எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்லும் சாலைகளில் பரப்புகிறார்கள்.

[காட்சி: நிலத்தடிப் படிவங்களின் குறுக்குவெட்டு வரைபடம்]

எண்ணெய் இருப்பது இந்தப் படிவங்களில் அல்ல, அவற்றுக்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கீழே, பாக்கன் எனப்படும் பாறையில். டயோகா ஊரைச் சேர்ந்த ஹென்றி பாக்கன் என்ற விவசாயியின் பெயரே அந்தப் பாறைக்கு வைக்கப்பட்டது. மாநிலத்தில் முதன்முதலாக எண்ணெய் கிடைத்ததும் டயோகா அருகில்தான், 1951இல். ஆனால் பாக்கன் பாறை மிக இறுக்கமானது. செங்குத்தாகத் துளையிட்டால் எண்ணெய் போதிய அளவில் வராது. 2000களின் பிற்பகுதியில், செங்குத்தாக இறங்கிய துளையைக் கிடைமட்டமாகத் திருப்பி மூன்று கிலோமீட்டர் வரை நீட்டி, நீரையும் மணலையும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை கைகூடிய பிறகே நிலைமை மாறியது. 2012இல் எண்ணெய் உற்பத்தியில் இம்மாநிலம் அலாஸ்காவை முந்தி, டெக்சாஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. 2014இல் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் என்ற அளவைத் தாண்டியது.

ஒரே கிணற்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி நடைகள் தேவைப்பட்டதால், அறுவடைக் காலத்தில் மட்டும் பரபரப்பாக இருந்த சாலைகள் ஆண்டு முழுதும் நெரிந்தன. லிட்டில் மிசூரியின் மீதிருந்த லாங் எக்ஸ் பாலத்தின் இரும்புச் சட்டகத்தில் உயரமான சுமைகள் அடிக்கடி மோதின. இன்று அங்கே புதிய பாலம் இருக்கிறது. வில்லிஸ்டனின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 14,716, 2020இல் 29,160. வீடு கிடைக்காத தொழிலாளர்கள் வரிசை வரிசையான தற்காலிகக் கூடங்களிலும், கடும் குளிரில் தங்கள் வாகனங்களிலும் தங்கினார்கள்.

[காட்சி: இரவில் எரியும் வாயு]

2010களின் தொடக்கத்தில் எண்ணெயுடன் வெளிவந்த வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிணற்றடியிலேயே எரிக்கப்பட்டது. குத்தகை காலாவதியாகும் முன் துளையிட்டாக வேண்டிய நெருக்கடி நிறுவனங்களுக்கு இருந்தது. வாயுக் குழாய்களோ பின்னால்தான் வந்தன. இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கணக்குப் பார்த்தே எரித்தார்கள் என்பதுதான் கூடுதல் வருத்தம் தருகிறது.

பயணிக்கு எளிதில் புலப்படாதது உரிமைச் சிக்கல். இங்கே நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். கனிம உரிமையாளர் துளையிட முன்வந்தால், சேதத்துக்கு இழப்பீடு பெறலாமே தவிர, நிலத்துக்காரர் அதைத் தடுக்க முடியாது. ஆகவே அடுத்தடுத்த பண்ணைகளில் ஒரு குடும்பம் பங்குத்தொகையால் செல்வமடைய, இன்னொரு குடும்பம் தூசியையும் லாரி இரைச்சலையும் மட்டும் பெற்றது. 1930களின் வறட்சியில் நொடித்துப்போன பண்ணைகளை அரசு வாங்கிச் சேர்த்ததே, இன்று தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவைச் சூழ்ந்திருக்கும் லிட்டில் மிசூரி தேசியப் புல்வெளி. பூங்காவுக்குள் கிணறு இல்லை. இந்தப் புல்வெளியில் உண்டு. அதனால் பூங்காவின் மேட்டில் நின்று காட்டெருமைகளைப் பார்ப்பவரின் தொடுவானத்தில் எண்ணெய்க் கிணறுகளும் தென்படுகின்றன.

கிழக்கே மாண்டான், ஹிடாட்சா, அரிக்காரா பழங்குடி மக்களின் ஃபோர்ட் பெர்தோல்ட் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. 1953இல் மிசூரி ஆற்றை அடைத்த காரிசன் அணையின் நீர்த்தேக்கம் அவர்களுடைய வளமான ஆற்றங்கரை நிலங்களை மூழ்கடித்து, அவர்களை வறண்ட மேட்டுக்கு ஏற்றியது. அந்த மேட்டின் அடியில்தான் எண்ணெய் இருந்தது. வருவாயும் வந்தது, நெரிசலும் விபத்துகளும் கசிவுகளும் கூடவே வந்தன.

2014இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்ததும் துளையிடும் கோபுரங்கள் வேகமாகக் குறைந்தன. ஆனாலும் ஏற்கெனவே தோண்டிய கிணறுகள் இறைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. இன்று செல்பவர் காண்பது ஆரவாரம் அடங்கிய, ஆனால் ஓயாத ஒரு தொழிலை.

செல்ல நினைப்பவர்கள் வாட்ஃபர்ட் சிட்டிக்குத் தெற்கேயுள்ள பூங்காவின் வடக்குப் பகுதியிலிருந்து தொடங்கலாம். கூட்டம் குறைவு, காட்சிகள் விரிந்தவை. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் எல்க்ஹார்ன் பண்ணை இருந்த இடத்துக்கு மண்சாலையில் போக வேண்டும். பென்டனைட் களிமண் நீரை உறிஞ்சி உப்பி வழுக்கும் என்பதால், மழை பெய்திருந்தால் பூங்கா அலுவலகத்தில் சாலையின் நிலையைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.