ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சமுதாய மருத்துவம் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்படும் விபத்துகளைக் கண்காணிப்பது, பதிவு செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பச் சொன்னதாகிவிடும். அதனால் பெரும்பாலும் ஒரே ஒரு நாட்டைப் பற்றிப் பேசுகிறேன். வங்கதேசம். தன் குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, கிடைத்த பதிலுக்குள்ளேயே தடுக்கும் வழியையும் கண்டுபிடித்த நாடு அது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே குழந்தை இறப்பு என்றால் சுகாதாரத் துறையினர் பேசியது வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை பற்றித்தான். தண்ணீரில் மூழ்கிச் சாகும் குழந்தைகளைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். குளத்தில் விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தை சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. உயிர் போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு யார் ஓடுவார்கள்? அடக்கம் சீக்கிரமே முடிந்துவிடும். இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? சொத்தா, காப்பீடா? நிமோனியா வந்த குழந்தைக்குப் படுக்கை உண்டு, கேஸ் ஷீட் உண்டு. அது கணக்கில் வரும். குளத்தில் போன குழந்தை எங்கேயும் வராது.

இதற்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் கணக்கு சரியாக இருந்தது. டாக்காவுக்குத் தென்கிழக்கே மத்லாப் என்று ஒரு கிராமப் பகுதி. காலரா ஆராய்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்த இடம். 1966 முதல் அங்கே களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, திருமணம், குடிபெயர்வு என்று எல்லாவற்றையும் எழுதிவருகிறார்கள். அந்தப் பதிவேட்டில் 1983இல், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புகளில் நீரில் மூழ்கியவை 9 சதவீதம். 2000இல் அது 53 சதவீதம். குளங்கள் பெருகிவிட்டன என்று நினைக்காதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் தடுப்பூசியும் மற்ற சாவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டன. குளம் மட்டும் அப்படியே இருந்தது.

நம் துறைக்கு இது மிக முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். நோய்களை ஜெயிக்க ஜெயிக்க, மிச்சமிருக்கும் சாவில் விபத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும். தடுப்பூசியில் முன்னேறிய எந்த ஊரும் இந்தக் கணக்கை ஒருநாள் பார்த்தே ஆகவேண்டும்.

மத்லாப் ஒரு பகுதிதான். நாடு முழுவதற்கும் தெரியவேண்டும் என்று 2003இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். யுனிசெஃப் துணை நின்றது. 1,71,366 வீடுகள், 8 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். மருத்துவமனை வாசலில் காத்திராமல் வீட்டு வாசலுக்குப் போய், இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா, எப்படி இறந்தார்கள், யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார்கள். பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு வயதுக்கு மேல் 17 வயது வரையிலான பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான் என்று தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 17,000 பிள்ளைகள். நாளுக்கு 46 பேர்.

இவ்வளவு பெரிய எண் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு காரணம் நாம் தினமும் பயன்படுத்தும் அளவுகோலிலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் என்று ஒரே எண்ணாகச் சொல்கிறோம். அதில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்தில் நிகழும் சாவுகள். குறைப்பிரசவம், எடைக் குறைவு, தொற்று என்று அந்தக் காரணங்களே பட்டியலை நிறைத்துவிடும். நடக்கப் பழகிய குழந்தையின் சாவு அதற்குள் ஒரு சின்னக் கோடாகத்தான் தெரியும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு புரியும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வயது அடுக்கில் அட்டவணை போடுகிறோம் என்பதே எந்தக் குழந்தை நம் கண்ணில் படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சரி, எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் ஒரு அறிக்கை வந்திருக்கும், நாலு நாள் பத்திரிகையில் பேசியிருப்பார்கள். வங்கதேசத்தில் நின்றுவிடவில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, அப்போது யார் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்டார்கள். இந்தச் சின்னக் கேள்விகள்தான் அத்தனையையும் மாற்றின.

வங்கதேசத்தில் தண்ணீரில் சாவு என்றால் வெள்ளம், புயல், படகு கவிழ்வது, இவைதான் நம் நினைவுக்கு வரும். குழந்தைகளைப் பற்றிய பதில்கள் அப்படி இல்லை. பெரும்பாலான சின்னக் குழந்தைகள் இறந்தது வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் குளத்திலோ குட்டையிலோதான். தாழ்வான பூமி அது. மண்ணை வெட்டி மேடாக்கித்தான் வீடு கட்டவேண்டும், வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, மீன் வளர்ப்பது எல்லாம் அதில்தான். நேரம் என்ன தெரியுமா? பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள். அப்பா வயலில். மூத்த பிள்ளைகள் பள்ளியில். அம்மா சமையலும் துவையலுமாக ஓடிக்கொண்டிருப்பார். தத்தித் தத்தி நடக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த நான்கு மணி நேரத்தில் ஆளே இல்லை.

இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, தாய்மார்களே கவனமாக இருங்கள் என்று சுவரொட்டி அடிப்பது மிகச் சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அடுப்பையும் குழந்தையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத பெண்ணிடம் கவனத்தைக் கேட்பது, அவள் தலையில் பழியை ஏற்றுவதில்தான் முடியும். அங்கே அப்படிச் செய்யவில்லை. 2005இல் மருத்துவர் பஸ்லுர் ரஹ்மானும் சக ஆய்வாளர்களும் காயத் தடுப்புக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். ராய்கஞ்ச், ஷேர்பூர், மனோஹர்தி என்ற மூன்று வட்டங்களில் ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் சின்னச் சின்னக் குழந்தைகள் காப்பகங்கள் வந்தன. அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண், அவருக்கு ஒரு உதவியாளர், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு வயது முதல் ஐந்து வயது வரை சுமார் 25 குழந்தைகள். வாரத்தில் ஆறு நாள். நேரம் காலை 9 முதல் பகல் 1 வரை. பதிவேடு சொன்ன அதே நான்கு மணி நேரம். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் முதல் வேலை, அந்த நேரத்தில் குழந்தை குளத்தங்கரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

அப்புறம் அவர்கள் கணக்கெடுப்பதை நிறுத்தவும் இல்லை. காப்பகத்துக்கு வந்த குழந்தைகள், வராத குழந்தைகள் இரு தரப்பையும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். காப்பகத்துக்கு வந்தவர்களிடையே நீரில் மூழ்கிச் சாகும் அபாயம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது என்று 2012இல் வெளியிட்டார்கள். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் நல்ல பலன் கிடைத்தது. மத்லாபில் விசாரித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும் வழக்கம் இருந்திருக்கிறது. மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரம் அதில் வீணாகிவிடும். கேட்காமல் இருந்திருந்தால் இது எந்த அறிக்கையிலும் வந்திருக்காது.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2016இல் மறுபடி எடுத்த கணக்கெடுப்பிலும் ஆண்டுக்கு 14,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றுதான் வந்தது. சில வட்டங்களில் செய்ததை நாடு முழுக்கச் செய்யப் பணமும் மனமும் வேண்டும். 2022இல் வங்கதேச அரசு 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்கள் தொடங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஏப்ரலில், நீரில் மூழ்கும் சாவுகளைத் தடுப்பது பற்றிய தீர்மானத்தை வங்கதேசமும் அயர்லாந்தும் முன்னின்று ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேற்றச் செய்தன. ஜூலை 25 அதற்கான உலக நாளாக வந்ததும் அப்படித்தான்.

பணக்கார ஊரில் இதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கவேண்டாம். நியூயார்க்கில் 1970களின் தொடக்கத்தில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1972இல் நகரச் சுகாதாரத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. மருத்துவமனையும் போலீஸும் ஒவ்வொரு விழுதலையும் தெரிவிக்கவேண்டும், செவிலியர் அந்த வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும். ஜன்னல் கம்பி இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையில் பதிவான விழுதல்கள் பாதியாகின. 1976இல், பத்து வயது வரையிலான பிள்ளைகள் வாழும் வீடுகளுக்குக் கட்டட உரிமையாளரே கம்பி போட்டுத் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கேயும் வழி காட்டியது, வீட்டுக்குப் போய் எழுதிவந்த அந்தச் செவிலியரின் குறிப்புதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் பதிவேடு இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைக்கு அடிபட்டு வந்தால் ஏ.ஆர். போடுகிறோம், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். ஆனால் அது வழக்குக்காக எழுதுவது. காயத்தின் நீளம், அகலம், அழைத்து வந்தவர் பெயர் இருக்கும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையின் ஏ.ஆரில், அது தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததா, தரையிலா அலமாரியிலா என்று யார் எழுதுகிறோம்? தடுப்பதற்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இறப்பு என்றால் சிக்கல் இன்னும் அதிகம். இயற்கைக்கு மாறான சாவு போலீஸுக்குப் போகவேண்டும், பிரேதப் பரிசோதனை நடக்கவேண்டும். பச்சைப் பிள்ளையை அறுப்பார்களே என்ற பயத்தில், காய்ச்சல் வந்து போய்விட்டது என்று சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு இறப்பையும் வீட்டுக்குப் போய் விசாரிக்கும் நடைமுறை நமக்கும் இருக்கிறது. அந்த விசாரணைக்குப் போகும் செவிலியரின் குரலில் போலீஸ் தொனி வந்தால், அந்த வீட்டிலிருந்து உண்மை வராது. ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். அம்மா, அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். நேரமும் இடமும் தானாக வந்துவிடும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கர்ப்பம் பதிவானதும் பிக்மி எண், அதாவது தாயையும் சேயையும் பின்தொடர அரசு தரும் பதிவு எண், கொடுத்து ஒவ்வொரு மாதமும் பின்தொடர்கிறோம். ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்டாயிற்று என்றால் அடுத்தது ஐந்து வயதில்தான். நடக்க, ஏற, எட்டிப் பார்க்கத் தொடங்கிய குழந்தை சரியாக இந்த இடைவெளியில்தான் வளர்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது, குழந்தையைக் காலையில் விட்டுச் செல்ல இடம் கிடையாது. ஆழ்துளைக் கிணற்றில் விழும் குழந்தையை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. உச்ச நீதிமன்றம் 2010இல் வழிகாட்டு நெறிமுறையே கொடுத்தது. குளியலறை வாளியிலும் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும் போகும் குழந்தைக்கு அப்படி யாரும் வருவதில்லை.

செவிலியர்களிடம் நான் கேட்பது கூடுதல் படிவம் இல்லை. ஏற்கெனவே பன்னிரண்டு பதிவேடு சுமக்கிறீர்கள் என்று தெரியும். கையில் இருக்கும் நோட்டில் ஒரு பக்கம் போதும். வயது, இடம், மணி, எதனால், அப்போது கூட யார். சாவு மட்டும் வேண்டாம், சூடுபட்டது, விழுந்தது, விழுங்கியது எல்லாம் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கிராம சுகாதாரக் குழுக் கூட்டத்தில் பெயர்களை விட்டுவிட்டு அதை வாசியுங்கள். எந்தத் தொட்டிக்கு மூடி வேண்டும், எந்தக் கிணற்றுக்குச் சுவர் வேண்டும் என்று ஊராட்சித் தலைவரிடம் அங்கேயே கேட்கலாம். அங்கன்வாடி அக்காமார்கள் அந்த மணிக் கணக்கைப் பார்த்துவிட்டு, எந்த நேரத்துக்குக் குழந்தைகளை விட ஒரு இடம் வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதலாம். மாணவர்கள் இந்தப் பக்கங்களைத் தொகுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளுக்கு இப்போது நேரம் இருக்கிறது, கேளுங்கள்.